முற்றத்து மல்லிகை
(வடபுலக் கைத்தொழில் வரலாறு எமக்குக் கற்பிப்பது)

முற்றத்து மல்லிகை மணப்பதில்லை என்பது எம்மவரிடையே வழங்கும் பழமொழி. மல்லிகையின் மணத்திற் குறைவில்லை. நாள்தோறும் அதன் அருகே நடமாடும் எமது நாசிக்கே அம்மணம் புலப்படுவதில்லை. இப்பழமொழியைப் புலவரையும் கலைஞரையும் குறித்துச் சொல்வதே வழக்கம். ஆயினும், எமது மண்ணில் எமது கைகள் ஆக்கிய பொருள்களுக்கு அது பொருந்துமளவு வேறெதற்கும் பொருந்துமோ என நாம் ஐயுறுகின்றோம்.

இதனோடு உடன்பிறந்தது போன்ற இன்னொரு பழமொழியும் யாழ்ப்பாணத்தில் உண்டு. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது அது. முன்னையது நாம் பொருளை மதியாமையைக் காட்டுவது. பின்னையது அப்பொருளைச் செய்தவனை மதியாமையைக் காட்டுவது. இவ்விரு மதியாமைகளும் எமது பிரதேசத்துக் கைத்தொழில்களை என்ன பாடு படுத்தின, அவற்றையும் மீறி எத்தொழில்கள் எவ்வாறு தழைத்தன என்பதை வரலாற்று வழி நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பழம்பெருமை பேசி மகிழ்வதற்காக நாம் இதனை எழுதப் புகவில்லை. எமது சங்கத்து இளைஞர் பலர் தொழில் தேடி நிற்கும் இந்நாளில், முன்னோர் செய்தவற்றிலிருந்தும் செய்யத் தவறியவற்றிலிருந்தும் கற்க வேண்டியவை உள என்பதனாலேயே எழுதுகின்றோம்.

சாயவேர்

ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி 1795 வரை ஆண்டனர். அவர்கள் இங்கு கண்ணுங் கருத்துமாய் நாடிய பொருள்களுள் ஒன்று சாயவேர். மன்னாரிலும் தீவுகளிலும் மணற்பாங்கான நிலத்திலே தானாக முளைக்கும் ஒரு சிறு செடியின் வேர் அது. அதனை இடித்து ஊறவைத்துப் பெற்ற சாயம் பருத்தித் துணிக்கு அழியாத செந்நிறத்தை ஊட்டிற்று. அச்செந்நிறத் துணி கடல் கடந்து விலைபோயிற்று.

இத்தொழிலின் மறுபக்கத்தையும் மறைக்காது சொல்ல வேண்டும். வேர் தோண்டும் வேலை அதற்கென வகுக்கப்பட்ட குலத்தவரின் தலையிலே கட்டாய ஊழியமாகச் சுமத்தப்பட்டிருந்தது. வெயிலில் மண்ணைக் கிளறி வேரெடுத்தவனுக்கு ஊரில் மதிப்பில்லை, ஊதியமும் பெரிதில்லை. அவனிடம் தொழிலறிவு இருந்தது. எந்த மண்ணில் வேர் தடிக்கும், எந்தப் பருவத்தில் நிறம் கூடும் என்பன அவனுக்குத் தெரியும். அந்த அறிவை ஏட்டில் எழுதி வளர்த்தெடுக்க வேண்டுமென்று கற்றவர் எண்ணவில்லை. எழுதத் தெரிந்தவர் வேரைத் தொடவில்லை. வேரைத் தொட்டவருக்கு எழுதக் கற்பிக்கவும் இல்லை.

ஆங்கிலேயர் காலத்தில் ஆலைத் துணி வந்து குவியவே, கைநெசவும் சாயத் தொழிலும் மெலிந்தன. 1868இல் யேர்மனிய இரசாயன அறிஞர் கிறேபே, லீபர்மான் என்னும் இருவர் அச்செந்நிறத்துக்குக் காரணமான அலிசரின் என்னும் பொருளைத் தம் ஆய்வுகூடத்திற் செயற்கையாக ஆக்கினர். எமது மணலிற் கிடந்த வேரில் இருந்ததும் அதே அலிசரின்தான். எஞ்சியிருந்த மதிப்பையும் வேர் இழந்தது. கைத்தொழிலைச் செய்பவனும் கல்வி கற்பவனும் இரு வேறு வீதிகளிற் பிரிந்து நடந்தால் அத்தொழில் நெடுநாள் நில்லாது என்பதே சாயவேர் தரும் முதற் பாடம்.

புகையிலையும் சங்கமும்

அடுத்து நோக்கத்தக்கது புகையிலை. உடல்நலத்துக்கு அது இழைக்கும் தீங்கை இன்று யாவரும் அறிவர்; அதனைப் போற்றுவது எமது நோக்கமன்று. ஆயினும், குடாநாட்டின் பொருளாதாரம் பல தலைமுறைகளாக அதன்மீது நின்றது என்பது வரலாறு. துலா மிதித்துக் கிணற்று நீர் இறைத்து, ஆட்டெருவும் தழையுரமும் இட்டு, கன்று கன்றாகப் பேணி வளர்த்த பயிர் அது. குடிலிலே புகையூட்டிப் பதப்படுத்திய இலை கடல் கடந்து திருவாங்கூருக்குச் சென்றது. அதனாலேயே ஒரு வகைக்கு மலையாளப் புகையிலை என்ற பெயரும் ஏற்பட்டது.

திருவாங்கூரில் விதிக்கப்பட்ட வரியும் இந்தியப் புகையிலையின் போட்டியும் நெருக்கியபோது தனித்தனியே நின்ற கமக்காரன் திணறினான். இலையை விற்றேயாக வேண்டிய அவனுடைய இக்கட்டைக் கண்ட தரகன் விலையைக் குறைத்தான். இந்நிலையிலேதான் 1930களில் யாழ்ப்பாணம் மலையாளப் புகையிலை ஐக்கிய வியாபாரச் சங்கம் எழுந்தது. கமக்காரர் தம் இலையைச் சங்கத்துக்குக் கொடுத்தனர்; சங்கம் அதனைத் தரம் பிரித்துச் சேர்த்து விற்றது. தனியொருவன் குரலுக்குச் செவிசாயாத சந்தை, பலர் கூடிய குரலுக்குச் செவிசாய்த்தது. யாழ்ப்பாணத்துக் கூட்டுறவு இயக்கம் வேரூன்றியமைக்கு இத்தகைய சங்கங்களே காரணம்.

உள்ளூரிற் சுருட்டுத் தொழில் வேறொரு வழியிற் பரந்தது. ஊர்தோறும் சுருட்டுக் கொட்டில்கள் இருந்தன. வரிசையாக அமர்ந்து சுருட்டுச் சுற்றுவோருக்கு ஒருவர் பத்திரிகையை உரக்க வாசித்துக் காட்டும் வழக்கம் அக்கொட்டில்களில் இருந்ததென்பதை முதியோர் நினைவுகூர்வர். நாட்டு நடப்பையும் உலக நடப்பையும் கை ஓயாமலே கேட்டறிந்த தொழிலாளர் அவர். அவர்கள் சுற்றிய சுருட்டை எம்மவர் தென்னிலங்கையின் பட்டினங்கள் பலவற்றிலும் கடை திறந்து விற்றனர். "யாழ்ப்பாணச் சுருட்டு" என்ற பெயரைக் கேட்டே சிங்கள மக்கள் வாங்கினர். ஒரு பொருளின் முன்னே ஊரின் பெயர் நிற்கும்போது அப்பெயர் முழுப் பிரதேசத்துக்கும் உரிய பொதுச் சொத்தாகிவிடுகின்றது. ஒருவன் தரத்திற் பிழைவிட்டால் நட்டம் ஊர் முழுவதற்கும் உண்டு. ஒருவன் செவ்வனே செய்தால் நயமும் அவ்வாறே.

அன்னபூரணி

வல்வெட்டித்துறையின் கப்பற் கட்டுந் தொழிலை இங்கு குறிப்பிடாது செல்லல் தகாது. அத்துறையில் மேத்திரிமார் கட்டிய பாய்க்கப்பல்கள் நாகபட்டினத்துக்கும் இரங்கூனுக்கும் சென்று அரிசியும் மரமும் ஏற்றி வந்தன. அவ்வாறு கட்டப்பட்ட கப்பல்களுள் ஒன்றுதான் அன்னபூரணி. ஏறத்தாழ 90 அடி நீளமுடையது.

சிறு படகிலே உலகைச் சுற்றி வந்து புகழ்பெற்றிருந்த வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் அக்கப்பலைக் கண்டு விரும்பி வாங்கினார். தம் மனைவியாரின் பெயரை அதற்குச் சூட்டினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகளே அதனைச் செலுத்திச் சென்றனர். செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் கடந்து, அத்திலாந்திக் சமுத்திரத்தையுந் தாண்டி, 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அக்கப்பல் அடைந்தது. குளொஸ்ரர் தானும் மீனவரும் கப்பற்காரரும் நிறைந்த பழைய துறைமுகம். அத்தகைய துறையிலே எம்மூர்த் தச்சரின் கைவேலை வந்து நின்றது.

வாசகர் ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடலறிவு மிக்க அமெரிக்கர் ஒருவர் அம்மல்லிகையின் மணத்தை நுகர்ந்தார். நாமோ? அக்கப்பல் புறப்பட்ட காலத்தில் எமது பெற்றோருட் பலர் தம் மைந்தருக்கு மலாயாவிலோ கொழும்பிலோ எழுதுவினைஞர் வேலை ஒன்று கிட்டாதா என்றே ஏங்கிக்கொண்டிருந்தனர். கப்பல் கட்டும் கலையைக் கற்பிக்க ஒரு பாடசாலை வேண்டுமென எண்ணியோர் அரியர். யந்திரக் கப்பல்களின் பெருக்கத்தாலும் நாடுகளுக்கிடையே எழுந்த சுங்க, குடிவரவுக் கட்டுப்பாடுகளாலும் பாய்க்கப்பல் வாணிகம் ஒடுங்கிற்று. அதனோடு அக்கலையும் தேய்ந்தது. காலமாற்றத்தை எவராலும் தடுக்க இயலாது என்பது மெய்யே. ஆனால், பாய்க்கப்பல் கட்டிய கையை யந்திரப் படகு கட்டுங் கையாக மாற்றக் கல்வியால் இயன்றிருக்கும்.

சுண்ணக்கல்லும் உப்பும் வைக்கோலும்

இலங்கை 1948இற் சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டு முதல் 1953 வரை கைத்தொழில் அமைச்சராக விளங்கியவர் திரு. ஜி. ஜி. பொன்னம்பலம் அவர்கள். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகித ஆலை ஆகிய மூன்றோடும் அவருடைய பெயர் இணைத்துப் பேசப்படுவதுண்டு.

இம்மூன்றின் அமைப்பை உற்று நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். ஒவ்வொன்றும் தன் அயலிற் கிடைத்த மூலப்பொருளின்மீதே எழுப்பப்பட்டது. 1950இல் இயங்கத் தொடங்கிய காங்கேசன்துறைத் தொழிற்சாலைக்குக் குடாநாட்டின் சுண்ணக்கல்லும் மன்னார் முருங்கனிலிருந்து வந்த களிமண்ணும் ஆதாரம். பரந்தனுக்கு ஆனையிறவு உப்பே ஆதாரம். உப்புக் கரைசலினூடே மின்சாரத்தைச் செலுத்தி அங்கு கோஸ்டிக் சோடாவும் குளோரீனும் பெற்றனர். 1956 அளவில் உற்பத்தியைத் தொடங்கிய வாழைச்சேனை ஆலையோ கிழக்கிலங்கை வயல்களின் வைக்கோலைக் கூழாக்கிக் கடதாசி செய்தது.

ஒரு தொழில் மற்றொரு தொழிலுக்குத் தாயாகும் முறைமையையும் இங்கே காணலாம். வைக்கோலைக் கூழாக்கக் கோஸ்டிக் சோடா வேண்டும்; சவர்க்காரம் காய்ச்சவும் அதுவே வேண்டும்; குடிநீரைத் தூய்மையாக்கக் குளோரீன் வேண்டும். ஆகவே, ஆனையிறவில் வெயிலிற் காய்ந்த உப்பு, பள்ளிச் சிறுவனின் கொப்பியாகவும் தாயார் தோய்க்கும் சவர்க்காரமாகவும் நகரத்தார் பருகும் தூய நீராகவும் உருமாறும் வழி திறந்திருந்தது. பிரதேசக் கைத்தொழில் என்பது தனித்த ஒரு கட்டடமன்று. ஒன்றோடொன்று கோத்த சங்கிலி. ஒரு கண்ணியை அறுத்தால் மற்றவையும் தளரும்.

யுத்தம் அச்சங்கிலியை அறுத்தது. 1990ஆம் ஆண்டிற் காங்கேசன்துறைத் தொழிற்சாலையின் புகைபோக்கி புகைப்பதை நிறுத்திற்று. பரந்தனும் ஆனையிறவு உப்பளமும் ஓய்ந்தன. அவற்றை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் திக்குத் திக்காகச் சிதறின. சீமெந்துத் தொழிற்சாலை முன்போல மீண்டும் எழ வேண்டும் என ஏங்குவோர் இன்றும் உளர். அவ்வேக்கத்தை நாம் மதிக்கின்றோம். எனினும், குடாநாட்டின் குடிநீர் அச்சுண்ணக்கல்லின் உள்ளேதான் தங்கியிருக்கின்றது. கல்லை அளவின்றி அகழ்ந்தால் கடல்நீர் உட்புகும் என்பதை இன்று அறிந்துள்ளோம். பழைய தொழிலைப் பழையபடியே மீட்பது எப்போதும் அறிவாகாது. வெயிலும் கடலும் தரும் உப்போ குறையாத செல்வம். ஆனையிறவிலே மேசையுப்புத் தொழிற்சாலை 2025இல் திறக்கப்பட்டமை இவ்வகையில் நம்பிக்கை தரும் செய்தி.

அடைத்த கதவும் திறந்த கதவும்

அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் இறக்குமதி வெகுவாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அக்காலத்தில் எமது பகுதியில் வெங்காயமும் மிளகாயும் விளைவித்தோர் நல்ல விலை கண்டனர். கைத்தறிகள் ஓய்வின்றி ஒலித்தன. நெசவுசாலைகளிற் பெண்கள் பலர் வேலை பெற்றனர். நெய்த சேலைக்கும் சாரத்துக்கும் வாங்குவோர் காத்திருந்தனர்.

1977இல் ஆட்சி மாறியது; இறக்குமதிக் கதவு அகலத் திறந்தது. வழவழப்பான பிறநாட்டுத் துணிகள் கடைகளை நிறைத்தன. தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக மௌனமாயின. வெங்காய, மிளகாய்ச் செய்கையாளரும் நொந்தனர். அரசாங்கத்தின் கொள்கையைக் குறைகூறி அமைதல் எளிது. ஆனால், நாம் எம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு. வேறு துணி இல்லாத காலத்தில் மட்டும் எமது துணியை உடுத்தோமாயின், அதனை நாம் விரும்பி உடுத்தோம் என்று எங்ஙனம் கூறலாம்? நெய்தோர் பக்கத்திலும் குறை இருந்தது. எப்படியும் விலைபோகும் என்ற துணிவு பிறந்த இடங்களில், நிறம் கழுவுகின்றதா, அகலம் சரியா என்ற கவலை குறைந்தது. மதிலுக்குள் வளர்ந்த செடி காற்றுக்கு நிற்கப் பழகவில்லை.

இதே பாடத்தை யுத்தகாலம் இன்னும் கசப்பாகக் கற்பித்தது. 1990களின் பொருளாதாரத் தடையிலே மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் பற்றறியும் அரும்பொருளாயின. அப்போது எம்மக்கள் காட்டிய கைத்திறனை இன்றைய இளைஞர் கதைபோலக் கேட்பர். ஜாம் போத்தலில் சிறிது எண்ணெயும் பஞ்சுத் திரியும் இட்டுச் செய்த விளக்கிலே ஒரு தலைமுறை படித்துப் பரீட்சை எழுதிற்று. பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தனர். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். இத்துணை ஆற்றல் எம்மிடம் இருந்தது! ஏ-9 பாதை திறந்து லொறிகள் வந்ததும், அவ்வாற்றலால் விளைந்தவற்றுட் பல குப்பைமேட்டைச் சேர்ந்தன. துன்பச் சின்னங்களை மக்கள் வெறுத்தமை இயல்பே. ஆயினும், பொருள்களை எறிந்தபோது அவற்றை ஆக்கிய துணிவையும் சேர்த்து எறிந்துவிட்டோமோ என்பதே எமது கவலை. இடருக்கு அஞ்சி ஆதரித்த தொழில் இடர் நீங்கியதும் வீழும். தெரிந்து விரும்பி ஆதரித்த தொழிலே நிலைக்கும்.

பனையும் ஒரு சவர்க்காரத் தொழிலதிபரும்

இவ்விடத்தில் ஓர் எடுத்துக்காட்டைக் கூற விரும்புகின்றோம். யாழ்ப்பாணத்தில் மில்க்வைற் சவர்க்காரத் தொழிலை நடத்திய திரு. க. கனகராசா அவர்களை முதியோர் நன்கறிவர். சவர்க்காரம் விற்பதோடு அவர் அமையவில்லை. 'மில்க்வைற் செய்தி' என்னும் இதழை வெளியிட்டார். பனையின் பயனை ஊர்தோறும் எடுத்துரைத்தார். பனம்விதை நாட்டுதலை ஓர் இயக்கமாகவே நடத்தினார். ஒரு தொழிலதிபர் தம் பிரதேசத்தின் அறிவையும் வளத்தையும் பேணினால், அப்பிரதேச மக்களும் அவருடைய பொருளைத் தம் பொருளாகவே கருதுவர் என்பதற்கு அவர் சான்று.

பனையோ எமது நிலத்துக்கு எவரும் நீர் ஊற்றாது வாய்த்த செல்வம். பனங்கட்டி, பனாட்டு, ஒடியல், புழுக்கொடியல் என உணவாகவும், கடகம், பெட்டி, சுளகு, பாய் எனப் புழங்குபொருளாகவும், தும்பாகவும் மரமாகவும் அது பயன் தருகின்றது. 1978இற் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. ஆனால், சபை ஒன்று தோன்றினாற் போதுமா? மரத்தில் ஏறுபவனின் தொழிலை இழிவென நினைக்கும் மனம் மாறாதவரை, அவனுடைய மகன் அம்மரத்தை அண்ணாந்தும் பார்க்க மாட்டான். சாயவேர் தோண்டியவனுக்கு நேர்ந்ததே அவனுக்கும் நேரும். எமது கைத்தொழில் வரலாற்றிலே சாதித் தடிப்பு இழைத்த நட்டத்தை அளந்து சொல்ல எந்தக் கணக்குப் புத்தகத்தாலும் இயலாது. ஆயுதபூசை நாளிலே உளிக்கும் சுத்தியலுக்கும் தறிக்கும் சந்தனமும் குங்குமமும் சாத்தி வணங்குகின்றோம். மறுநாள் அவ்வுளியைப் பிடித்தவனைத் திண்ணையிற் கீழே நிறுத்தினால், அவ்வணக்கம் வெறுஞ் சடங்கேயாகும்.

நாம் செய்யத்தக்கன

யுத்தம் முடிந்த 2009இன் பின்னர் எமது பகுதியிற் சிறு தொழில்கள் பல மீண்டும் துளிர்த்துள்ளன. ஒடியல் மா அரைப்போர், நெல்லிச்சாறு செய்வோர், தறி நெய்வோர், பனையோலைப் பொருள் இழைப்போர், இரும்புக் கதவு பொருத்துவோர், விவசாயக் கருவி செய்வோர் எனப் பலர் உளர். குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் இவர்களுள் அநேகர். 2010 முதல் யாழ்ப்பாணத்தில் நடைபெறத் தொடங்கிய வர்த்தகக் கண்காட்சியிலே வெளியூர்க் கம்பனிகளின் மின்விளக்குப் பந்தல்களுக்கிடையே இவர்களுடைய சிறு மேசைகளையும் காணலாம். எம்மவர் அவற்றைக் கடந்து செல்லும் வேகத்தையும் காணலாம்.

ஆகவே எமது சங்க அங்கத்தவர் முன் மூன்று பணிகளை வைக்கின்றோம்.

முதலாவது, ஊர்த் தொழிற் பதிவேடு. எமது கிராமத்தில் யார் எதனைச் செய்கின்றார், எங்கே, எவ்விலைக்கு என்பதை இளைஞர் வீடு வீடாகச் சென்று எழுதி, வாசிகசாலையில் யாவரும் காண வைத்தல் வேண்டும். அயல் வீட்டிற் கிடைக்கும் பொருளை அறியாமலே பட்டினத்துக்குப் பஸ் ஏறுவோர் எம்மிற் பலர்.

இரண்டாவது, வாங்கும் நெறி. கண்ணை மூடிக்கொண்டு ஊர்ப்பொருளை வாங்குக என நாம் சொல்லவில்லை. இரக்கத்தால் வாங்குபவன் ஒரு முறையே வாங்குவான். முதலில் ஊர்ப்பொருளைப் பார், நன்றெனின் வாங்கு, குறையெனின் செய்தவனிடமே சென்று பண்போடு சொல். செய்தவரும் அதனைப் பகையாகக் கொள்ளாது, நிறையையும் தரத்தையும் சுத்தத்தையும் என்றும் ஒருபடித்தாகப் பேணுதல் வேண்டும். எமது ஆண்டுவிழாவின் அன்னதானத்துக்கும் அலங்காரத்துக்கும் வேண்டிய பெட்டியும் பாயும் துணியும் எங்கிருந்து வருகின்றன என்பதையும் சங்கம் ஆராய்தல் தகும்.

மூன்றாவது, கல்வியும் கைத்தொழிலும் கைகோத்தல். விஞ்ஞானம் பயிலும் எமது மாணவர் விடுமுறையில் ஒரு தொழிற்கூடத்துக்குச் சென்று, அங்குள்ள இடர்ப்பாடு ஒன்றைத் தம் பாடமாக எடுத்துக்கொள்ளட்டும். பனங்கட்டி மழைக்காலத்திற் கசியாதிருக்க என்ன வழி? ஓலையிற் பூஞ்சணம் பிடியாதிருக்க என்ன செய்யலாம்? இவை சிறு வினாக்கள் அல்ல. சாயவேர்க் காலத்தில் எம்மவர் கேளாது விட்டவை இத்தகைய வினாக்களே.

முதியோர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. உத்தியோகம் இழிவன்று, ஆனால் அது ஒன்றே உயர்வு என்ற எண்ணத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டாதீர்கள். கடைசல் பழகப் போகின்றேன், தறி போடப் போகின்றேன் என்று மகனோ மகளோ சொல்லும் நாளில், "உனக்கு ஏன் இந்த வேலை?" என்று கேளாதிருங்கள். அச்சொல்லினால் மூடப்பட்ட தொழிற்கூடங்கள் யுத்தத்தினால் மூடப்பட்டவற்றினும் குறைந்தவையென எம்மாற் சொல்ல இயலவில்லை.

அன்னபூரணியின் மணத்தை அறிய அமெரிக்காவிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது. இன்று எமது முற்றத்திற் பூத்திருப்பவற்றின் மணத்தையாவது நாமே அறிவோமாக.